துவைக்கிற கைக்கும் கூலி உண்டு

சென்ற மாதம் எங்கள் கிளைக் கூட்டம் முடியும் தறுவாயில் ஓர் அம்மையார் எழுந்து நின்றார். விடியலில் பால்வெட்டுக்குப் போய், பகலில் இரண்டு வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுப்பவர். "மாசம் பொறந்து ரெண்டு வாரமாச்சு. தொவைச்ச காசு இன்னும் வரலை. கேட்டா, துணி தொவைக்கிற காசுக்கா இவ்வளவு அவசரம்னு சிரிக்கிறாங்க. இதைச் சங்கம் கேக்குமா?" என்றார். கூட்டத்திலும் சிரிப்பு எழுந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு தோழர், "அக்கா, அது வீட்டு வேலை. அதுக்கெல்லாம் சங்கம் வருமா?" என்றார். அம்மையார் உட்கார்ந்து விட்டார்.

சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை மறைப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. என்னைப் பெற்றவள் மரம் வெட்டிய நேரம் போக ஒரு கிராணியார் வீட்டுத் துணியைத் துவைத்தவள். மூட்டைக்கு ஒரு கோடு என்று லயத்துச் சுவரில் அடுப்புக்கரியால் கிழித்து வைப்பாள். மாதக் கடைசியில் கோட்டை எண்ணுவாள். ஆனால் காசை எண்ணியதை நான் பார்த்ததில்லை. மீந்த சோறும் குழம்பும் வரும். தீபாவளிக்கு ஒரு பழஞ்சேலை வரும். கூலி என்ற சொல்லை அந்த வீட்டாரும் சொல்லவில்லை, என் தாயும் சொல்லவில்லை. கிராணிமார்கள் கோபிக்க வேண்டாம். இந்தத் தாளைப் படிப்பவர்களில் பலர் கிராணிமார்கள்தாம் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மேற்கு எல்லையில் சென்று குடியேறிய பெண்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். நம் தோழர் கேட்ட கேள்விக்கு அங்கே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்திருக்கிறது. அந்த நாட்டுப் படங்களில் குதிரை வீரனையும் துப்பாக்கியையும் தங்கம் தோண்டுகிறவனையும் கண்டிருக்கிறோம். அவன் போட்டிருந்த சட்டையைத் துவைத்தது யார் என்று எந்தப் படத்திலாவது காட்டினார்களா?

1848-ஆம் ஆண்டு சனவரி மாதம் கலிபோர்னியாவில் ஒரு மரம் அறுக்கும் ஆலையின் கால்வாயில் தங்கம் அகப்பட்டது. செய்தி பரவியதும் 1849-ல் உலகின் நாலா திக்கிலிருந்தும் ஆண்கள் வந்து குவிந்தார்கள். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடி மக்கள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். 1870-க்குள் அவர்கள் முப்பதாயிரமாகச் சுருங்கிப் போனார்கள். தங்க வேட்டை என்று பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

வந்தவர்களில் பெண்கள் மிகச் சிலர். பத்துப் பேர் நின்றால் அவர்களில் ஒருத்தி பெண்ணாக இருப்பதே அரிது. ஆண்களோ மண்ணிலும் சேற்றிலும் நாள் முழுதும் நின்றவர்கள். துவைப்பது பெண் வேலை என்று பிறந்தது முதல் கற்றவர்கள். கையில் தங்கத் தூள் இருந்தது, உடம்பில் சுத்தமான சட்டை இல்லை. அந்த வேளையில்தான் துணி துவைப்பதற்கு ஒரு விலை வந்தது.

விலையைச் சொல்வதற்கு முன் வேலையைச் சொல்லி விடுகிறேன். குழாய் இல்லாத காலம். ஒரு முறை துவைத்து, ஒரு முறை வேகவைத்து, ஒரு முறை அலசுவதற்கு ஏறத்தாழ 50 காலன் தண்ணீர் வேண்டும். அதன் எடை 400 இராத்தல். ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ அவ்வளவையும் வாளியில் சுமந்து வர வேண்டும். காண்டா வாளியைத் தோளில் வைத்துப் பாலைத் தூக்கி நடந்த நம் பெண்களுக்கு அந்தப் பாரம் விளங்கும். அப்புறம் விறகு வெட்ட வேண்டும். சவுக்காரமும் கடையில் கிடைக்காத இடங்களில் அடுப்புச் சாம்பலை ஊற வைத்து வடித்த காரநீரையும் மிருகக் கொழுப்பையும் சேர்த்துக் காய்ச்சி அவளே செய்துகொள்ள வேண்டும். அந்தக் காரம் விரல்களைத் தின்றுவிடும். துணியைப் பலகையில் தேய்த்து, கொப்பரையில் வேகவைத்து, கழியால் கிளறித் தூக்கி, அலசி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, பிழிந்து உலர்த்த வேண்டும். மறுநாள் அடுப்பில் காய்ச்சிய இரும்புப் பெட்டியால் தேய்க்க வேண்டும். பெட்டி ஆறினால் மறுபடி அடுப்புக்குப் போகும். பனிக்காலத்தில் கொடியில் போட்ட துணி கையிலேயே பலகை போல் விறைத்துவிடும். இதை ஒரு வேலை இல்லை என்று சொல்லும் ஆண்மகன் ஒரே ஒரு திங்கட்கிழமை செய்து பார்க்கட்டும்!

சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் வடபால் ஒரு நன்னீர்க் குட்டை இருந்தது. வண்ணாத்திக் குட்டை என்று பொருள்படும் பெயரே அதற்கு வழங்கியது. பூர்வகுடிப் பெண்களும் மெக்சிக்கோ நாட்டுப் பெண்களும் அதன் கரையில் கல்லிலும் பலகையிலும் துவைத்தார்கள். 1849-ல் ஒரு டசன் உருப்படிக்கு எட்டு டாலரும் அதற்கு மேலும் கூலி நின்றது. அதே காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒரு கூலியாளின் நாட்சம்பளம் ஏறத்தாழ ஒரு டாலர்தான். சிலர் தங்கள் சட்டைகளைக் கப்பலேற்றி ஹவாய்த் தீவுகளுக்கும் சீனத்துக் காண்டன் துறைமுகத்துக்கும் அனுப்பித் துவைத்து வாங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டை கடல் கடந்து போய்த் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்!

லூயிஸ் கிளாப் என்ற மாது 1851, 52-ஆம் ஆண்டுகளில் ரிச் பார் என்ற சுரங்க முகாமிலிருந்து தம் சகோதரிக்குக் கடிதங்கள் எழுதினார். அதில் ஒரு செய்தி வருகிறது. ஒரு மனிதர் இன்னொருவருடைய மனைவியைப் புகழ்ந்து பேசுகிறார்: அந்தப் பெண் துணி துவைத்தே ஒன்பது வாரத்தில் செலவு போக 900 டாலர் சேர்த்துக் கணவனிடம் கொடுத்தாளாம். புகழ்கிற மனிதருக்கு அவள் எத்தனை மூட்டை துவைத்தாள், முதுகு என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. அந்தப் பணம் "அவனுக்காக" வந்தது என்பது மட்டும் தெரிகிறது. பணம் அவள் முந்தானையில் முடியப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இந்த நல்ல விலை எத்தனை நாள் நின்றது? துவைக்கிறவர்கள் குறைவாக இருந்த வரைக்கும்தான். சீனத்திலிருந்து வந்த ஆண்களும் சலவைத் தொழிலில் இறங்கினார்கள். தங்க வயலில் அவர்கள் மீது தனி வரி போட்டு விரட்டியதால் அவர்களில் பலருக்கு வேறு வழி இல்லை. ஆட்கள் பெருக விலை இறங்கியது. சந்தை தந்த கூலியைச் சந்தையே எடுத்துக்கொண்டது. இரப்பர் விலை ஏறிய போதும் இறங்கிய போதும் தோட்டத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு வார்த்தை. துணி துவைப்பது இழிந்த வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப் போனதற்கு அமெரிக்காவைக் காரணம் சொல்ல முடியாது. நாம் ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவற்றில் அதுவும் ஒன்று. அங்கே ஒரு சாதியின் தலையில் அந்தத் தொழிலைக் கட்டி, விளைச்சல் காலத்தில் நாலு படி நெல்லை அளந்து போட்டு, ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிறுத்தி வைத்தோம். சிங்கப்பூரில் டோபி காட் என்று இரயில் நிலையத்துக்குப் பெயர் இருக்கிறது. அங்கே ஓடிய ஓடையில் நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர்கள் துவைத்த துறை அது. தினமும் ஆயிரமாயிரம் பேர் அந்தப் பெயரைச் சொல்லி ஏறி இறங்குகிறார்கள். கூட்டத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பில் பழைய ஊர்ச் சிரிப்பும் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்கப் பட்டாளத்தில் நடந்தது வேறு விதம். 1802-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் நான்கு சலவைப் பெண்கள் வரை அமர்த்திக்கொள்ளலாம். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு படி உணவும் பட்டாளத்துச் செலவிலேயே கொடுக்க வேண்டும். மேற்கு எல்லைக் கோட்டைகளில் அதிகாரிகளின் மனைவிமார் விருந்தாளிகள் போலத்தான் கருதப்பட்டார்கள். சட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. துவைக்கிற பெண்ணுக்கோ சட்டத்தில் இடம் இருந்தது! குடியிருப்பு, விறகு, பட்டாளத்து வைத்தியரின் மருந்து எல்லாம் கிடைத்தன. குடியிருப்பு என்றால் மாளிகை அல்ல; கோட்டையின் ஓரத்தில் மண்ணாலும் மரத்தாலும் ஆன வரிசை. சவுக்கார நுரை வரிசை என்று கேலியாக அதற்குப் பெயர். நம் லயங்களை நினைத்துக்கொள்ளலாம்.

கூலியை அந்தப் பெண்கள் பேசி முடிக்கவில்லை. கோட்டையின் அதிகாரிகள் குழு உட்கார்ந்து விகிதம் போட்டது. ஆனாலும் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சிப்பாய் கொடுக்க வேண்டிய சலவைக் காசைச் சம்பள மேசையிலேயே வசூலித்து அவளிடம் சேர்ப்பித்தார்கள். சம்பளத்தில் சங்கச் சந்தாவைப் பிடித்துச் செலுத்தும் முறைக்கு நம் சங்கம் எவ்வளவு பாடுபட்டது என்பதை மூத்த தோழர்கள் அறிவார்கள். அது எவ்வளவு பெரிய காவல் என்பதும் அவர்களுக்குத் தெரியும். குடித்துக் காலி செய்யும் முன் கூலி கைக்கு வந்தால்தான் அது கூலி. எங்கள் கூட்டத்தில் எழுந்து நின்ற அம்மையாருக்கு இல்லாத காவல் இதுதான்.

ஆனால் மேலே இருப்பவன் கொடுத்ததை மேலே இருப்பவனே எடுத்தான். பெண்களையும் பிள்ளைகளையும் வண்டியேற்றிக் கொண்டுபோவது செலவு என்று அதிகாரிகள் சிலர் முறையிட்டார்கள். 1878-ஆம் ஆண்டு இயற்றிய ஒரு சட்டத்தால் பட்டாளத்துச் சலவைப் பெண் என்ற இடமே ஒழிந்தது. சிப்பாய்களின் மனைவிமாராக இருந்தவர்களை மட்டும் கணவனின் சேவைக் காலம் முடியும் வரை விட்டு வைத்தார்கள். 76 ஆண்டு ஏற்பாடு ஒரு வாக்கியத்தில் போயிற்று. அவர்களைக் கேட்டார்களா? கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்ததா?

இப்போது ஒரு தனிப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிளாரா பிரவுன் என்பது அவர் பெயர். ஏறத்தாழ 1800-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். பிறகு எசமானோடு கென்டக்கிக்குப் போனார். அங்கே கல்யாணம் செய்து பிள்ளைகளும் பெற்றார். 1835-ல் எசமான் இறந்ததும் சொத்தைப் பிரித்தார்கள். அடிமைகளும் சொத்துதானே! கணவனை ஒருவனுக்கும், பிள்ளைகளை வேறு வேறு ஆட்களுக்கும், தாயை இன்னொருவனுக்கும் ஏலத்தில் விற்றார்கள். எலைசா ஜேன் என்ற சிறு மகள் போன திசை தெரியவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் கழிந்து 1856-ல் கிளாராவுக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை பெற்றவர் ஓராண்டுக்குள் மாநிலத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பது கென்டக்கிச் சட்டம். விடுதலையோடு விரட்டலும் சேர்ந்தே வந்தது.

1859-ல் மேற்கே கொலராடோவுக்குப் போகும் வண்டித் தொடரில் சமையல்காரியாகச் சேர்ந்தார். வயது அறுபதை நெருங்கியிருந்தது. ஏறத்தாழ 700 மைல் தூரம். பெரும்பகுதியை நடந்தே கடந்தார். மத்திய நகரம் என்று பெயர் கொண்ட சுரங்க ஊரில் சலவைத் தொழில் தொடங்கினார். கம்பளிச் சட்டை ஒன்றுக்கு 50 சென்ட் வாங்கினார். யாரிடமும் பழைய சோறு வாங்கவில்லை. விலை சொல்லி வாங்கினார்! வந்த காசை வீட்டிலும் மனையிலும் சுரங்கப் பங்கிலும் போட்டார். நோயுற்ற சுரங்கத் தொழிலாளிக்கு அவர் வீடு ஆஸ்பத்திரியாக இருந்தது. கோயில் இல்லாத போது தொழுகைக்கூடமாகவும் இருந்தது. சில ஆண்டுகளில் அவரது சேமிப்பு 10,000 டாலரை எட்டியது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்ததும் கிளாரா செய்த முதற்காரியம் கென்டக்கிக்குத் திரும்பிப் போனதுதான். மகளைத் தேடினார், கிடைக்கவில்லை. ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. விடுதலை பெற்றும் போக்கிடமில்லாத தம் இனத்தாரைத் தம் செலவில் கொலராடோவுக்கு அழைத்து வந்தார். வேலை தேடிக் கொடுத்தார். பணம் கரைந்தது. தேடுவதை மட்டும் அவர் விடவில்லை. 1882-ல், எண்பது வயதைக் கடந்த பிறகு, அயோவா மாநிலத்துக் கவுன்சில் பிளஃப்ஸ் என்னும் ஊரில் எலைசா ஜேன் இருப்பதாகச் செய்தி வந்தது. போய்க் கட்டித் தழுவினார். பிரித்து விற்று 47 ஆண்டு ஆகியிருந்தது. 1885-ல் கிளாரா காலமானார். இன்று கொலராடோ அரசு மாளிகையில் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் அவர் உருவம் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னதும் நம்மவர்கள் சிலர், "பாருங்கள், உழைத்தால் முன்னுக்கு வரலாம், சங்கம் எதற்கு?" என்று கேட்கத் தொடங்கி விடுவார்கள். அப்படிக் கேட்பவர்களுக்காகவே அடுத்த செய்தி. கிளாரா போன்றவர் ஆயிரத்தில் ஒருவர். மற்ற 999 பேரும் கையில் கொப்புளத்தோடு கிடந்தார்கள். அவர்களில் சிலர்தாம் கூடிப் பேச முற்பட்டார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்ற துறைமுக நகரம். 1877 சூலையில் அமெரிக்கா எங்கும் இரயில்வே வேலைநிறுத்தம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. கால்வெஸ்டனிலும் ஆண் தொழிலாளர் கூலி கேட்டு வீதியில் இறங்கினார்கள். அதைப் பார்த்துச் சலவை செய்யும் கறுப்பினப் பெண்களும் வேலையை நிறுத்தி அணிவகுத்தார்கள். நாளுக்கு ஒன்றரை டாலர் வேண்டும் என்பது கோரிக்கை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பலர். அடிமைத் தளை அறுந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு சலவைச் சாலையின் கதவையும் சன்னலையும் பலகை வைத்து ஆணியடித்து மூடினார்கள்! இவர்களுக்கும் முன்பாக 1866-ல் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரத்தில் சலவைப் பெண்கள் கூடி, எல்லாரும் ஒரே விலைதான் வாங்குவோம் என்று தீர்மானித்து நகரத் தலைவருக்கு எழுதி அனுப்பியிருந்தார்கள்.

கால்வெஸ்டன் பெண்கள் இன்னொன்றும் செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சீனர்களின் சலவைக் கடைகளுக்குப் போய், கடையை மூடிவிட்டு ஊரை விட்டுப் போங்கள் என்று மிரட்டினார்கள். அது பெரும் பிழை. ஒரே நுரையில் கை வெந்தவர்கள் அந்தச் சீனர்களும். கூலியைக் குறைப்பவன் எவன் என்று பார்க்காமல் பக்கத்தில் துவைப்பவன் முகத்தைப் பார்த்தால் முதலாளிக்குத்தான் கொண்டாட்டம். இன்று நம் காட்டில் வேற்றுநாட்டுத் தொழிலாளியைப் பார்த்து நாம் பேசுகிற பேச்சு எனக்கு அந்த நகரத்தை நினைவூட்டுகிறது.

பிறகு இயந்திரம் வந்தது. குட்டைக்கரையும் கொப்பரையும் போய் நீராவிச் சலவைச் சாலைகள் எழுந்தன. மாட்டு வண்டிகள் மேற்கே போய் முடிந்த ஒரிகன் நாட்டில், போர்ட்லண்டு நகரத்துச் சலவைச் சாலை ஒன்றில் எம்மா காட்சர் என்ற பெண் வேலை பார்த்தார். பெண்களை நாளுக்குப் பத்து மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று அந்த மாநிலம் 1903-ல் சட்டம் செய்திருந்தது. 1905 செப்டம்பர் 4-ஆம் நாள், அதுவும் அந்நாட்டுத் தொழிலாளர் தினத்தன்று, அவரைப் பத்து மணிக்கு மேல் வேலை வாங்கினார்கள். முதலாளிக்கு 10 டாலர் தண்டம் விழுந்தது. பத்து டாலருக்காக அவர் மாநிலத்து மேல்கோர்ட்டுக்கும் அங்கிருந்து அமெரிக்காவின் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். காசு பெரிதல்ல, நேரத்துக்கு வரம்பு வந்துவிடுமே என்ற பயம்! 1908 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சட்டம் செல்லும் என்றார்கள். பெண் பலவீனமானவள், தாயாக வேண்டியவள், ஆகவே காக்க வேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்த நியாயத்தை நான் ஏற்கவில்லை. 400 இராத்தல் தண்ணீர் சுமந்தவளைப் பலவீனமானவள் என்பதா? பிற்காலத்தில் அதே பேச்சைக் காட்டிப் பெண்களைப் பல வேலைகளிலிருந்து விலக்கியும் வைத்தார்கள். ஆயினும் பத்து மணி நேரம் என்ற வரம்பு நின்றது. அதை வாங்கித் தந்தது ஒரு சலவைப் பெண்ணின் வழக்கு.

வீட்டு வேலைக்குச் சங்கம் வருமா என்று கேட்ட தோழருக்கு இன்னும் ஒரு செய்தி. அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு 2011-ல் வீட்டு வேலை செய்பவர்களுக்கென்றே 189-ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. மற்றத் தொழிலாளிக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு என்பது அதன் சாரம். நம் மலேசிய நாட்டில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வீட்டு வேலைக்காரரைப் பல பிரிவுகளுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. 2022-ல் வந்த திருத்தம் வேலைக்காரர் என்ற பெயரை ஊழியர் என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதே. ஓய்வு நாளும் வேலை நேரமும் பெயரோடு சேர்ந்து வரவில்லை.

ஆகவே அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வரப்போகிறேன். குடியிருப்பில் பிறர் வீட்டுத் துணி துவைக்கும் பெண்கள், அவர்கள் நம் நாட்டவராயினும் வேற்று நாட்டவராயினும், ஒன்றாகக் கூடி ஒரு விலை சொல்ல வேண்டும். டசனுக்கு என்ன, மாதத்துக்கு என்ன, சவுக்காரம் யார் வாங்குவது, காசு எந்தத் தேதியில் கைக்கு வர வேண்டும் என்பதை ஓர் அட்டையில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிக் கொடுக்கும் வேலையைக் கிராணிமார் சங்கத்துத் தோழர்கள் ஏற்றுக்கொண்டால் நலம். அவர்கள் வீட்டுத் துணியும் அந்த மூட்டையில் இருக்கிறது. அன்று பின் வரிசையிலிருந்து கேள்வி கேட்ட தோழரிடம் இதைச் சொன்னேன். தாமே வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மையாருக்கு வர வேண்டிய காசு, இதை எழுதுகிற இன்று வரை வரவில்லை.